செவிநரம்புக் கட்டி அகன்ற பிறகு: நீண்டகால மீட்சியும் அன்றாட வாழ்வும்

செவிநரம்புக் கட்டி என்று தமிழிலும் அக்கௌஸ்டிக் நியூரோமா என்று மருத்துவமனை வழக்கிலும் அழைக்கப்படும் இந்தக் கட்டி, பெயர் உணர்த்துவதுபோல் கேள்வி நரம்பில் முளைப்பது அரிது. உட்செவியிலிருந்து மூளைத்தண்டுக்குச் செல்லும் எட்டாம் மூளை நரம்பு, கேட்டல், உடற்சமநிலை ஆகிய இருவகைச் செய்திகளைத் தனித்தனி இழைகளில் சுமந்து செல்கிறது. அவற்றுள் சமநிலை இழைகளைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களே பெருகிக் கட்டியாகின்றன என்பதால், 1991இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய கருத்திணக்க மாநாடு ‘வெஸ்டிபுலர் ஷ்வானோமா’ என்ற பெயரையே பரிந்துரைத்தது. இப்பெயர்த் திருத்தம் வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அறுவையில் பெரும்பாலும் துண்டிக்கப்படுவது சமநிலை நரம்பே என்பதும், கேள்வி நரம்பும் அதை ஒட்டி ஓடும் முக நரம்பும் கட்டிக்கு அண்டையில் இருந்த காரணத்தாலேயே பாதிப்புறுகின்றன என்பதும் விளங்கினால்தான், அறுவைக்குப் பின் எது மீளும், எது மீளாது என்ற கணக்கும் விளங்கும்.

இக்கட்டி புற்றுநோய் அன்று. மெல்ல வளர்வது, உடலின் பிற பகுதிகளுக்குப் பரவாதது. ஹார்வி குஷிங் 1917இல் இக்கட்டிகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்ட காலத்தில் நோயாளி உயிர் பிழைப்பதே பெரும் சாதனையாக இருந்தது. 1960களில் லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸ் என்ற காது மருத்துவர் அறுவை நுண்ணோக்கியின் துணையுடன் உட்செவி வழியாகக் கட்டியை அணுகும் முறையை வளர்த்தெடுத்த பிறகே முக நரம்பைக் காப்பது ஓர் இயல்பான இலக்காயிற்று. இன்று உயிர் பற்றிய அச்சம் பெரிதும் நீங்கிவிட்டது. ஆனால் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் கொடுக்கப்படும் ஒற்றைத்தாள் குறிப்பு அடுத்துவரும் ஆண்டுகளைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்வதில்லை. அந்த இடைவெளியே இவ்வத்தியாயத்தின் பொருள்.

தொடக்கத்திலேயே தெளிவுபடுத்த வேண்டியது ஒன்று உண்டு. அறுவைக்குப் பின் ‘எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும்’ என்று உறவினர் சொல்லும் ஆறுதல் பாதி உண்மையே. சமநிலை உழைப்பால் மீளும். முகத்தின் அசைவு காத்திருப்பால் மீளக்கூடும். அறுவையில் இழந்த செவிப்புலனோ எத்தனை காலம் காத்திருந்தாலும் தானாக மீளாது. உழைக்க வேண்டிய இடத்தில் ஓய்வெடுப்பதும், பொறுமை வேண்டிய இடத்தில் முரட்டு முயற்சி செய்வதும், மாற்றுவழி தேட வேண்டிய இடத்தில் காத்திருப்பதும் நீண்டகால மீட்சியில் அடிக்கடி நேரும் மூன்று பிழைகள்.

சமநிலை: மூளை மீண்டும் கற்கும் பாடம்

இரு காதுகளின் உள்ளேயும் இருக்கும் சமநிலை உறுப்புகள், தலை அசையாதிருக்கும்போதும் மூளைக்கு இடைவிடாமல் சமிக்ஞைகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. இருபுறச் சமிக்ஞைகளும் சமமாக இருக்கும்வரை தலை நிலையாக இருக்கிறது என்று மூளை கொள்கிறது. அறுவையில் ஒருபுற நரம்பு துண்டிக்கப்பட்டவுடன் அப்பக்கம் முற்றிலும் மௌனமாகிவிட, மறுபக்கச் சமிக்ஞை மட்டும் வந்துகொண்டிருப்பதை மூளை ‘தலை சுழல்கிறது’ என்று தவறாகப் பொருள்கொள்வதே முதல் சில நாட்களின் கடும் தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் காரணம். இதில் ஒரு வியப்பும் உண்டு: கட்டி பல ஆண்டுகள் மெல்ல வளர்ந்து நரம்பை முன்னரே செயலிழக்கச் செய்திருந்தால், மூளை அதற்கேற்பத் தன்னை ஏற்கெனவே பழக்கிக்கொண்டிருக்கும் என்பதால் அறுவைக்குப் பிந்திய சுற்றல் குறைவாக இருக்கும், நரம்பு ஓரளவு நன்றாக இயங்கிக்கொண்டிருந்த சிறு கட்டிக்காரருக்கே அது கூடுதலாக இருக்கும். ‘சின்னக் கட்டிதானே, ஏன் இவ்வளவு சுற்றுகிறது’ என்ற குழப்பத்துக்கு விடை இதுவே.

படுத்திருக்கும்போதும் வரும் சுற்றல் பெரும்பாலும் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் அடங்கிவிடும். அதன்பின் எஞ்சுவது தலையை விரைவாகத் திருப்பும்போது காட்சி தடுமாறுவதும், இருட்டிலும் கரடுமுரடான தரையிலும் நடை தள்ளாடுவதும் ஆகும். இதைச் சரிசெய்யும் மூளையின் ஆற்றலை மருத்துவர்கள் சமநிலை ஈடுசெய்தல் என்பர். மூளை பிழை செய்து, அப்பிழையை உணர்ந்து திருத்திக்கொண்டால்தான் அது நடைபெறும். தலையை அசைக்காமல் கட்டிலில் கிடப்பவருக்கு அந்தப் பிழையே நேர்வதில்லை என்பதால் திருத்தமும் நேர்வதில்லை. தலைசுற்றலை அடக்கும் புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்ற மாத்திரைகள் முதல் சில நாட்களுக்குப் பயனுள்ளவை. அவற்றை மாதக்கணக்கில் மருந்துக்கடையில் வாங்கி விழுங்குவது கற்றுக்கொண்டிருக்கும் மூளையைத் தூங்கவைப்பதற்கு ஒப்பாகும்.

இதற்கான பயிற்சிகள் 1940களில் இங்கிலாந்தில் காது மருத்துவர் காத்தார்னும் மருத்துவர் குக்ஸியும் வகுத்த முறையிலிருந்து வளர்ந்தவை. சுவரில் ஒட்டிய ஓர் எழுத்தின் மீது பார்வையை நிறுத்தி, அவ்வெழுத்து கலங்காத வேகத்தில் தலையை இடமும் வலமும் அசைப்பதில் தொடங்கி, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடப்பது, நடந்துகொண்டே பக்கவாட்டில் பார்ப்பது, சுவரின் மூலையில் தலையணை மீது கண்மூடி நிற்பது என அவை படிப்படியாகக் கடினமாகின்றன. பயிற்சியின்போது சிறிது சுற்றல் வருவது தீங்கின் அறிகுறி அன்று. சில நிமிடங்களில் தணிந்துவிடும் சுற்றல், பயிற்சி சரியான அளவில் நடக்கிறது என்பதற்கான அடையாளம். இதில் தேர்ந்த இயன்முறை மருத்துவரிடம் சிலமுறை கற்றுக்கொண்டு, நாள்தோறும் சிறுசிறு பொழுதுகளாக வீட்டில் தொடர்வதே நடைமுறைக்கு உகந்தது. தெருவில் துணையோடு நடப்பதும், பழகிய பின் கோயில் பிரகாரத்தைச் சுற்றிவருவதும் இப்பயிற்சியின் நீட்சியே.

பெரும்பாலோர் சில மாதங்களில் பகல் வெளிச்சத்தில் இயல்பாக நடக்கத் தொடங்கிவிடுகின்றனர். ஆயினும் எஞ்சியிருக்கும் ஒரு காதின் உறுப்போடு கண்ணும் பாதங்களும் சேர்ந்தே சமநிலையைத் தாங்குகின்றன என்பதால், கண்ணின் உதவி அறுந்துபோகும் தருணங்கள் வாழ்நாள் முழுவதும் ஆபத்தானவையே. தலைக்குக் குளிக்கையில் சீயக்காயோ ஷாம்புவோ கண்ணில் விழாதிருக்கக் கண்ணை மூடிக்கொண்டு ஈரத்தரையில் நிற்பது இவற்றுள் மிகச் சாதாரணமானதும் மிகுதியாக மறக்கப்படுவதும் ஆகும். குளியலறையில் ஒரு முக்காலியில் அமர்ந்து குளிப்பது எளிய தீர்வு. மின்வெட்டு நேரத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டார்ச்சு விளக்கும், கழிப்பறைக்குச் செல்லும் வழியில் ஓர் இரவு விளக்கும் இருத்தல் நன்று. நீருக்குள் மூழ்கினால் மேல் எது கீழ் எது என்ற உணர்வே தவறக்கூடும் என்பதால், கிணற்றிலும் ஆற்றிலும் முன்பு அநாயாசமாக நீந்தியவரும் இனித் தனியே இறங்கலாகாது. ஏணி, மொட்டைமாடியின் கைப்பிடியற்ற விளிம்பு ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

முழுமையாகத் தேறிய பின்பும் காய்ச்சல், தூக்கமின்மை, கடும் அலைச்சல் ஆகியவற்றின்போது பழைய தள்ளாட்டம் சில நாட்களுக்குத் தலைகாட்டலாம். கட்டி திரும்பிவிட்டதோ என்ற அச்சம் அப்போது இயல்பாக எழும். பெரும்பாலும் அது களைத்துப்போன மூளை தான் கற்ற பாடத்தைத் தற்காலிகமாகத் தவறவிடுவதேயாகும். சில நாட்களில் தணியாமல் கூடிக்கொண்டே போனால் மட்டும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முகமும் கண்ணும்

ஏழாம் மூளை நரம்பாகிய முக நரம்பு கட்டியின் மேல் நாடாபோல் விரிந்து ஒட்டிக்கிடப்பதால், அது அறுபடாமல் காக்கப்பட்டாலும் இழுபட்டு நசுங்கி வேலை நிறுத்தம் செய்வதுண்டு. முக அசைவின் அளவைக் குறிக்க 1985இல் வகுக்கப்பட்ட ஹவுஸ்-பிராக்மன் அளவுகோலில் 1 என்பது இயல்பான முகம், 6 என்பது முழுச் செயலிழப்பு. நரம்பிழைகள் உள்ளுக்குள் முறிந்திருந்தால் அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் மீண்டும் வளர்கின்றன. ஆகவே முதல் சிறு துடிப்பு தெரியவே பல மாதங்கள் ஆகலாம், முன்னேற்றம் ஓராண்டைத் தாண்டியும் தொடரலாம். 2001இல் இக்கட்டி கண்டறியப்பட்ட அமெரிக்க நடிகர் மார்க் ரஃபலோவின் முகம் அறுவைக்குப் பின் ஒருபக்கம் செயலிழந்து, பல மாதங்கள் கழித்தே மீண்டது. இடக்காதின் கேட்கும் திறன் மீளவில்லை.

இக்காத்திருப்புக் காலத்தில் முகவாதத்துக்குச் சொல்லப்படும் வீட்டு வைத்தியங்கள் அனைத்தும் வாசல்தேடி வரும். ‘கரண்ட் வைத்தல்’ எனப்படும் மின்தூண்டல், பலூன் ஊதுதல், முழுபலத்தோடு முகத்தைச் சுருக்குதல் ஆகியவற்றை இத்துறை வல்லுநர் பலர் ஏற்பதில்லை. மீண்டு வளரும் இழைகள் தவறான தசைகளைச் சென்றடைவதால் சிரித்தால் கண் மூடுவதும், கண்ணை மூடினால் வாய் கோணுவதுமாகிய சின்கைனீசிஸ் என்னும் கூட்டியக்கம் பிறகு தோன்றக்கூடும். முரட்டுப் பயிற்சி அதை மேலும் வலுப்படுத்தும் என்பதே அவர்களின் கவலை. கண்ணாடி முன் அமர்ந்து, மிகச் சிறிய அசைவுகளை மெதுவாகவும் இருபுறமும் ஒத்தும் செய்யப் பழகும் நரம்புத்தசை மறுபயிற்சியே உகந்தது. கூட்டியக்கம் நிலைத்துவிட்டால் போட்டுலினம் ஊசி அதைத் தளர்த்த உதவும். ஓராண்டு நெருங்கியும் அசைவின் அறிகுறியே இல்லையெனில் மேலும் காத்திருப்பது பிழையாகும், ஏனெனில் நரம்பின் தொடர்பின்றி நெடுங்காலம் கிடந்த தசைகள் மெலிந்து பயனற்றுப் போகும். நாக்கையோ மெல்லும் தசையையோ இயக்கும் நரம்பை முக நரம்போடு இணைக்கும் அறுவை பற்றி அதற்கு முன்னரே கலந்து பேசிவிட வேண்டும்.

முகத்தின் தோற்றத்தைவிட அவசரமானது கண். இமையை மூடுவது ஏழாம் நரம்பு. கண்ணீர் சுரக்கச் செய்வதும் அதனுடன் செல்லும் இழைகளே. கண்ணில் தூசு விழுந்தால் உறுத்தச் செய்வதோ ஐந்தாம் நரம்பு. பெரிய கட்டிகளில் இம்மூன்றும் ஒருங்கே கெடலாம். அப்போது கண் மூடாது, ஈரமாகாது, வலியும் தெரியாது. கருவிழியின் முன்படலமாகிய கார்னியா உலர்ந்து புண்ணாகி, உரியவர் அறியாமலேயே பார்வை போகக்கூடும். பகலில் மருத்துவர் சொன்ன இடைவெளியில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து, இரவில் களிம்பும் இமையை மூடி ஒட்டும் நாடாவும், வெளியே செல்கையில் பக்கவாட்டு மறைப்புள்ள கண்ணாடி ஆகியன தவிர்க்க இயலாதவை. சுழலும் மின்விசிறிக்கு நேர்கீழே உறங்குவதும், தலைக்கவசத்தின் முகப்புக் கண்ணாடியைத் திறந்துவைத்து இருசக்கர வண்டியில் செல்வதும் கண்ணை உலர்த்திவிடும். வலி தெரியாத கண்ணைக் காலையும் மாலையும் கண்ணாடியில் பார்த்தே காவல் செய்ய வேண்டும். சிவப்போ மங்கலோ தென்பட்டால் அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும், மறுநாள் வரை பொறுக்கலாகாது. நீண்ட காலம் மூடாத இமைக்குள் தங்கத்தாலோ பிளாட்டினத்தாலோ ஆன சிறு எடையைப் பதித்து, புவியீர்ப்பாலேயே இமை கீழிறங்கச் செய்யும் எளிய அறுவையும் உண்டு. முகம் தேறிய பின் அதை எடுத்துவிடலாம்.

உண்பதிலும் சில மாற்றங்கள் தேவைப்படும். செயலிழந்த கன்னத்தில் சோறு தங்கிவிடும். உதட்டோரம் மோர் வழியும். உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கும் நம் வழக்கம், தலையைப் பின்சாய்ப்பதால் தள்ளாட்டத்தையும், விழுங்கும் தசை தளர்ந்தவருக்குப் புரையேறலையும் உண்டாக்கும் என்பதால், சில காலத்துக்கேனும் தம்ளரை வாயில் வைத்தே பருகுவது நல்லது. நாக்கில் உலோகச் சுவை தட்டுவது பெரும்பாலும் மெல்ல மறைந்துவிடும்.

ஒரு காதோடு வாழ்தல்

உட்செவி வழியாகச் செய்யும் அறுவையில் அக்காதின் செவிப்புலன் முழுமையாகப் போய்விடும். பிற வழிகளில் காக்க முயன்றாலும் எப்போதும் கைகூடுவதில்லை. ஒரு காது நன்றாகக் கேட்பதால் வீட்டுக்குள் பேச்சு புரியும். இழப்பு தெரிவது சந்தடியிலும், ஒலி வரும் திசையை அறிவதிலும்தான். திசை என்பது இரு காதுகளுக்கும் ஒலி வந்துசேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு மூளை போடும் கணக்கு. ஒரு காது இல்லையேல் கணக்கே இல்லை. கைப்பேசி ஒலிப்பது கேட்கும், எந்த அறையில் என்று தெரியாது. ஹாரன் கேட்கும், எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாது. நம் சாலைகளில் ஓரத்திலிருந்து இறங்கியவுடன் முதல் வாகனம் வலப்புறமிருந்தே வரும் என்பதால், வலக்காது கேளாதவர் சாலையைக் கடக்கும் முன் காதை நம்பாமல் தலையை முழுவதும் திருப்பிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

மீதி எல்லாம் இடம் தேர்ந்து அமரும் கலையாகும். கேளாத காதுப் பக்கம் சுவரும் கேட்கும் காதுப் பக்கம் மனிதரும் இருக்குமாறு உட்காருதல், கல்யாணப் பந்தியில் வரிசையின் உகந்த முனையைப் பிடித்தல், ‘இந்தக் காது கேட்காது, இந்தப் பக்கம் வாருங்கள்’ என்று கூச்சமின்றிச் சொல்லிவிடுதல் ஆகியவை எந்தக் கருவிக்கும் குறைந்தவை அல்ல. சொல்லாவிட்டால், கூப்பிட்டும் திரும்பிப் பாராத கர்வி என்ற பெயர்தான் மிஞ்சும். கருவிகளுள், கேளாத பக்கத்து ஒலிவாங்கி பெற்ற ஒலியை நல்ல காதுக்குக் கடத்தும் கிராஸ் கருவியும், மண்டையெலும்பின் அதிர்வு வழியாக ஒலியை நல்ல காதின் உட்பகுதிக்குக் கொண்டுசெல்லும் எலும்புவழிக் கருவியும் முதன்மையானவை. கேள்வி நரம்பு அறுபடாத சிலருக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட்டும் பயன்படலாம். உடலில் பொருத்தும் கருவிகளிலுள்ள காந்தம் பின்னாளைய எம்.ஆர்.ஐ. படத்தை மறைக்கக்கூடும் என்பதை முடிவெடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

எஞ்சிய காதைப் பாதுகாப்பது இனி வாழ்நாள் கடமை. தீபாவளி வெடிச் சத்தத்திலிருந்து விலகியிருப்பதோடு, எந்த மருத்துவரிடம் எந்த நோய்க்குச் சென்றாலும் ஒரு காதுதான் உள்ளது என்பதை முதலில் சொல்ல வேண்டும்; ஜென்டாமைசின், அமிக்கசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய மருந்துகள் கேள்வியையும் எஞ்சியிருக்கும் சமநிலை உறுப்பையும் ஒருங்கே கெடுக்கக்கூடியவை. கேளாத காதிலேயே இரைச்சல் கேட்பது பலருக்கு விந்தையாகத் தோன்றும். வராத ஒலியை ஈடுசெய்ய முயலும் மூளையே அதை உண்டாக்குகிறது என்பதால், நரம்பை அறுத்தாலும் இரைச்சல் நிற்பதற்கு உறுதியில்லை. ஆழ்ந்த அமைதியில் அது பெருகும், மெல்லிய பாட்டோ மின்விசிறியின் ஒலியோ உடனிருந்தால் தணியும்.

தலைவலி, கசிவு, களைப்பு

மூளையைச் சூழ்ந்த தண்டுவட நீர், காதின் பின்னெலும்பிலுள்ள காற்றறைகள் வழியே மூக்குக்குக் கசிவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில் நேரும். அரிதாகப் பின்னரும் நேரலாம். குனியும்போது மூக்கின் ஒரு துளையிலிருந்து தெளிந்த, உப்புக்கரிக்கும் நீர் சொட்டினால் அது சளி அன்று. அதனோடு காய்ச்சல், கழுத்து விறைப்பு, கடும் தலைவலி சேர்ந்தால் மூளையுறை அழற்சி என்று ஐயுற்று அந்த இரவிலேயே மருத்துவமனை செல்ல வேண்டும். தொடக்க வாரங்களில் தண்ணீர்க் குடம் தூக்குவதும், மலச்சிக்கலோடு முக்குவதும் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

காதின் பின்புறம் எலும்பைத் திறந்து செய்யும் அறுவைக்குப் பின் நாட்பட்ட தலைவலி சிலருக்குத் தங்கிவிடுகிறது. கழுத்துத் தசைகளுக்கான பயிற்சி அதைக் குறைக்கும். மாத்திரையில் ஒரு கண்ணி உண்டு: சாதாரண வலிநிவாரணியை மாதத்தில் 15 நாட்கள் அல்லது அதற்கு மேல் மாதக்கணக்கில் உட்கொண்டால், அம்மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும்.

களைப்பைப் பற்றிக் குடும்பத்தாருக்கே அதிகம் சொல்ல வேண்டியுள்ளது. முன்பு தானாக நடந்த நிற்றலும் கேட்டலும் இப்போது கவனத்தைச் செலவழித்து நடைபெறுவதால், ஒரு திருமண மண்டபத்தில் இரண்டு மணிநேரம் இருந்துவிட்டு வருவதே முழுநாள் உழைப்புக்கு ஈடாகிறது. தையல் ஆறிய மனிதர் சோர்ந்து உட்காருவதைச் சோம்பல் என்று கொள்வது அநியாயம். உற்சாகம் வடிந்து தூக்கம் கெட்ட நிலை வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரை நாடுவதில் தயக்கம் தேவையில்லை.

பலர் 6 முதல் 12 வாரங்களுக்குள் வேலைக்குத் திரும்புகின்றனர். முதல் மாதம் அரைநாள் வேலை கிடைக்குமானால் அதைக் கேட்டுப் பெறுவதே அறிவுடைமை. சலுகைகளைப் பொறுத்தவரை, இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரு காதுகளிலும் குறைந்தது 60 டெசிபெல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைபாடு என்று வரையறுக்கிறது. ஆகவே ஒரு காதை முற்றிலும் இழந்தவர் அதன் பேரில் மட்டும் அச்சட்டப் பயன்களைப் பெற இயலாது. அவர் அன்றாடம் படும் பாட்டை அளக்காத வரையறை இது.

தொடர் கண்காணிப்பு

முக நரம்பைக் காக்கும் பொருட்டுக் கட்டியின் மெல்லிய துண்டொன்றை வேண்டுமென்றே விட்டுவைப்பது இன்று ஏற்கப்பட்ட முறை. அது தோல்வி அன்று. முழுவதும் எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் மாறுநிற மருந்து செலுத்திய எம்.ஆர்.ஐ. படம் அறுவைக்குப் பின் முதலாண்டுக்குள் ஒருமுறையும், பிறகு இடைவெளி விட்டுப் பல ஆண்டுகளுக்கும் எடுக்கப்படும். எஞ்சிய துண்டு வளர்ந்தால், 1969இல் ஸ்டாக்ஹோமில் லார்ஸ் லெக்செல் இக்கட்டிக்கு முதன்முதலில் பயன்படுத்திய காமா கத்தி போன்ற துல்லியக் கதிர்வீச்சால் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம். கட்டி இருபுறமும் இருந்தாலோ, இளவயதிலேயே வந்தாலோ மட்டும் மரபுவழியில் வரும் என்.எஃப்.2 நோயா என்று சோதிக்க வேண்டும். ஒருபுறக் கட்டி கொண்ட நடுவயதினரின் பிள்ளைகளுக்கு அந்த அச்சம் பொதுவாகத் தேவையில்லை.

படத்தில் ஒளிரும் ஒரு புள்ளி கட்டியா, அறுவைத் தழும்பா, குழியை அடைக்க வயிற்றிலிருந்து எடுத்து வைத்த கொழுப்பா என்பதைத் தனிப்படம் சொல்லாது. முந்தைய படத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அறுவைக் குறிப்பையும் முதல் படத்திலிருந்து எல்லாப் படங்களின் குறுந்தகடுகளையும் ஒரே கோப்பில் வைத்திருக்க வேண்டும். வீடு மாறும்போது பழைய காகிதங்களோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடக் கூடாது.